நல்ல துணியில் ஒட்டிய அம்பு

“உனுக்கு வேண்டியத நீ வாய் கிழியக் கேக்குற. நாளைக்கு நீயும் ஒரு புள்ளைக்குத் துணி எடுக்கப் போவ பாரு, அப்பத் தெரியும். உன்னால ஆவாதுடி.”

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், தீபாவளிக் கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு என் அத்தை இதைச் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நான் அப்போது நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒரு ரோஸ் நிறக் கவுன் இருந்தது. வலைத்துணி, மூன்று அடுக்குக் கொசுவம், இடுப்பில் துணியில் செய்த பூ, கழுத்தைச் சுற்றிப் பாசிமணி. நான் கடை வாசலில் தொங்கிய பையன்களின் காக்கிக் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றேன். அதில் பக்கத்துக்கு இரண்டு பாக்கெட்டும் முட்டிக்கு மேலே மூடி போட்ட பாக்கெட்டும் இருந்தன.

கடைக்கார பாய் சிரித்தார். “புள்ள ஆசப்படுதுல்ல, வாங்கிக் குடும்மா. ரெண்டு வருசம் கிழியாது.”

“பாயி, நீங்க உங்க யாவாரத்தப் பாருங்க. எங்கண்ணன் பொண்ணு இன்னா கூட்ஸ் ஷெட்டுக்கு மூட்ட தூக்கவா போவுது?”

கவுனைத்தான் வாங்கினாள். கண்ணாடித்தாள் வைத்த அட்டைப்பெட்டியில் போட்டுத் தரச் சொன்னாள். பெட்டி இல்லாமல் எந்தத் துணியையும் அவள் எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. பையில் போட்டுக் கொடுத்தால் அது துணி, பெட்டியில் வந்தால்தான் அது தீபாவளி என்பது அவள் கணக்கு.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டை ஒட்டி. நைனா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கினார். லீவு நாட்களில் அண்ணன் வீட்டில் தங்க மாட்டான், அதனால் அவருக்கு மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. கேட் மூடியிருந்தால், அது எப்போதும் மூடித்தான் இருக்கும், மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டும். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் கம்பி. வீட்டுச் சாவி, சில்லறை, பென்சில் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? போன வருடத்துக் கவுன் வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு, நான் அங்கேயே நின்று அழ, அந்தப் பக்கம் போன ஒரு ஆள்தான் பிய்த்து எடுத்துவிட்டார். பாக்கெட் கேட்டது ஆசைக்காக இல்லை. எனக்கு அது தேவைப்பட்டது. இன்றைக்கும் சொல்வேன், நான் கேட்டது சரி.

அத்தை பார்த்த வேலை இதற்கெல்லாம் நேர் எதிரானது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உடுப்பு தைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். அவள் அங்கே செக்கிங் டேபிள். காலையிலிருந்து நின்றபடியே ஒவ்வொரு உருப்படியையும் உள்பக்கம் வெளிப்பக்கம் புரட்டிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டியது திரும்பத் தையலுக்குப் போகும். திருத்த முடியாதது ரிஜெக்ட் பெட்டிக்குப் போகும்.

அவள் வீட்டுக்கு வந்தால் முழங்கையிலோ முந்தானையிலோ தலைமுடியிலோ இரண்டு மூன்று அம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். நான் பிய்த்து எடுத்து நோட்டு அட்டையில் ஒட்டிக்கொள்வேன். அவளும் அதை வைத்து விளையாடுவாள். நைனா குடித்துவிட்டு வந்து படுத்திருந்தால் அவர் சட்டைப் பாக்கெட்டின்மேல் ஒன்று. அம்மா சுட்ட தோசை ஓரம் கருகியிருந்தால் தட்டின்மேல் ஒன்று.

“அண்ணி, இது ஆல்ட்ரேஷன். திருப்பிக் கல்லுல போடு.”

“போட்டேன்னா உன் மூஞ்சியிலதான் போடுவேன்,” என்பாள் அம்மா.

யாரோடு பேசினாலும் அத்தையின் கண் அவர்கள் முகத்தில் நிற்காது. காலரைப் பார்க்கும், கைமடிப்பைப் பார்க்கும். நூல் தொங்கினால் பேச்சை நிறுத்தாமலே கழுத்தில் கயிற்றில் மாட்டியிருக்கும் சின்னக் கத்திரியால் வெட்டிவிடுவாள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, காபித் தட்டோடு போன அத்தை மாப்பிள்ளையின் தோளைப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்க ரெண்டு கையும் ஒரே நீளம் இல்ல, டெய்லர மாத்துங்க,” என்று சொல்லிவிட்டாள். சட்டைக் கையைத்தான் சொன்னாள். அந்தச் சம்பந்தம் நடந்தது, ஆனால் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை.

கம்பெனியில் அவள் சொன்னால் அப்பீல் கிடையாது என்பார்கள். அவள் அம்பு ஒட்டிய இடத்தில் தப்பு இருந்தே தீரும். அவள் ஒட்டாமல் விட்டதை வேறு யாரும் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உயரும். “நைனா பேரு, ஊரு, படிப்பு ஒண்ணும் இல்ல எனுக்கு. என் அம்புதான் எனுக்குப் பேரு.”

ரிஜெக்ட் உருப்படிகளைப் பண்டிகைக்கு முன்னால் வேலை செய்கிறவர்களுக்கே மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பாதிப் பிள்ளைகள் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தன. கெட்டித் துணி, நல்ல தையல். பட்டன் ஒன்று நிறம் மாறியிருக்கும், அல்லது பாக்கெட் ஒரு விரற்கடை ஏறியிருக்கும், அவ்வளவுதான். என் சிநேகிதிகள் எல்லோருக்கும் இருந்தது. எனக்கு மட்டும் கிடையாது.

“ரிஜெக்ட் பீசு எங்க வூட்டுப் புள்ள மேல படக்கூடாது.”

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் தெருவுக்கே தெரியும். அவளைக் கல்யாணம் செய்து மீஞ்சூர்ப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு வருடம் முடிவதற்குள் கட்டினவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். என்ன காரணம் என்று அவன் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் கம்பெனி வேலை. ஒருநாள் தண்ணீர் லாரியில் குடம் வைக்கிற சண்டையில் ஒருத்தி கத்தினாள்.

“போடி ரிஜெக்ட் பீசு! கட்னவனே திருப்பி அனுப்சுட்டான், இவ வந்து நாயம் பேசுறா.”

குடத்தைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். அத்தை வாய்க்குத் தெருவே பயப்படும். அவளைத் திட்டியவளின் ரவிக்கையில் முதுகுப் பக்கம் தையல் விட்டிருந்தது. அன்றைக்கு அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வருகிற வழியில் மட்டும், “அவ ரவிக்க பின்னால பிரிஞ்சுகீது. சொல்லியிருக்கணும். சபைல நின்னா அசிங்கமாப் பூடும்,” என்றாள்.

அந்த ரோஸ் கவுனை நான் இரண்டு முறைதான் போட்டேன். உள்ளே தையல் முனை அரித்தது. துவைத்ததும் பூ கையோடு வந்துவிட்டது. அடுத்தவர் துணியில் ஒரு நூல் பிசிறு பொறுக்காத அத்தைக்கு, தான் வாங்கிய கவுனின் உள்பக்கம் எப்படித் தெரியாமல் போனது? இப்போது யோசித்தால், தெரியாமல் இல்லை என்று நினைக்கிறேன். அந்தக் கடையில் அவள் எதையும் புரட்டிப் பார்த்ததில்லை. அங்கே அவள் செக்கர் இல்லை, துட்டு கொடுத்துப் புதுசு வாங்க வந்தவள். அப்படி இருப்பது அவளுக்கு வருடத்தில் ஒருநாள்தான்.

அடுத்த வருடம் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. டங்கரி. பேன்ட்டையே மார்பு வரைக்கும் இழுத்து, தோளில் இரண்டு பட்டை வைத்துக் கொக்கி போட்டது. சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அத்தை கதை சொல்வாள்.

“மார்ல ஒரு பாக்கெட்டு. சைடுல ரெண்டு, பின்னால ரெண்டு. இன்னொன்னு தொடைல நீட்டமா கீது, ஸ்கேலு வெக்கிறதுக்காம். அது போதாதுன்னு சைடுல ஒரு வளையம். சுத்தி மாட்டறதுக்காம்டி! வெள்ளக்காரப் புள்ளைக்குச் சுத்தி இன்னாத்துக்குடி? சொவரு இடிக்கப் போவுதா?”

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எனுக்கு அதான் வேணும்,” என்றேன்.

“ரிஜெக்டு வராது கண்ணு அதுல. ஷிப்மென்ட்டு ஸ்ட்ரிக்ட்டு.”

“வந்தா?”

“வந்தாலும் உனுக்கு இல்ல.”

நான் அழவில்லை. அழுகிற பழக்கம் எனக்கு அப்போதே போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டேன். இன்னைக்கு எத்தினி பாத்த? நீலமா, காக்கியா? கொக்கி பித்தளையா? அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். சில நாள் நான் கேட்காமலே சொன்னாள். கடைசி வாரம் அவள் டங்கரிப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முதல்நாள் பெட்டியோடு வந்தாள். பெட்டியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, அது போன வருடத்துக் கவுன் வந்த அதே பெட்டி. மூலையில் நான் பேனாவால் போட்ட பூ அப்படியே இருந்தது. திறந்தால் உள்ளே டங்கரி. கருநீலம். மார்புப் பாக்கெட்டுக்கு மேலே ஒரு சிவப்பு அம்பு.

“மறந்துட்டேன்,” என்று சொல்லி அத்தை அம்பைப் பிய்த்தாள். மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து, அம்பு இருந்த இடத்திலேயே ஒரு பொட்டு வைத்தாள். புதுத்துணிக்கு மட்டும்தான் எங்கள் வீட்டில் மஞ்சள் வைப்போம். ரிஜெக்ட் துணிக்கு யாரும் வைத்துப் பார்த்ததில்லை.

“ரிஜெக்ட் பீசு படக்கூடாதுன்னு சொன்ன?” என்று அம்மா கேட்டாள்.

“போடட்டும் அண்ணி. ஆசப்பட்டுச்சு.”

தீபாவளி அன்று எல்லோரும் வெடி வைத்துக்கொண்டிருக்க, நான் டங்கரியில் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் பார்ப்பதுபோலவே உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பாக்கெட்டிலும் கையை விட்டேன். கொக்கி, பட்டன், பட்டை, காலடி மடிப்பு எல்லாம் சரியாக இருந்தன. ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

“அத்தே, இதுல இன்னா ரிஜெக்டு?”

“ஷேடு.”

“அப்டின்னா?”

“ஒரு பக்கம் நெறம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் ஒரு மாதிரி.”

“எங்க? ஒரே மாதிரிதான கீது.”

“உன் கண்ணுக்குத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பண்டிகை முடிந்து வேலைக்குப் போனவள் மூன்றாம் நாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. கேட்டால் ஆர்டர் முடிந்துவிட்டது என்றாள். அவளோடு செக்கிங்கில் நிற்கிற ஒரு அக்கா எங்கள் தெருமுனையில் இருந்தாள். அத்தை கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்து அம்மாவிடம் சொன்னாள். நான் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். டங்கரிதான் போட்டிருந்தேன்.

“ஒரே ஒரு பீசுதான் அண்ணி. நல்ல பீசுல அம்ப ஒட்டிட்டா. நூலுன்னு ஒட்டுனா வெட்டிட்டு உள்ள தள்ளிருப்பாங்க. தையலுன்னா பிரிச்சு அடிப்பாங்க. கறைன்னா தொவைப்பாங்க. எதுவும் ரிஜெக்டுக்கு வராது. அதான் ஷேடுன்னு சொல்லிட்டா. சூப்பர்வைசரு லைட்ல புடிச்சுப் பாத்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியல. ஆனா இவ சொல்றாளே, இருக்கும்னு கையெழுத்துப் போட்டான்.”

“அப்பால?”

“ஷேடுன்னா தப்பு பீசுல இல்ல அண்ணி, துணிலயே கீதுன்னு அர்த்தம். அந்தத் துணி ரோலுல வெட்டுன அத்தினிக்கும் கீதுன்னு அர்த்தம். அட இது எப்டி இவளுக்குத் தெரியாமப் போச்சு? ஆசைல மறந்துட்டாளா இன்னான்னு தெரில. பண்டிக முடிஞ்சு மேலருந்து ஒருத்தன் வந்தான். பேக்கிங் ஆன பொட்டி எல்லாத்தையும் ஒடைக்கச் சொல்லிட்டான். எல்லாரும் ஒக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சோம். ஷேடு இல்ல. ஒண்ணுல கூட இல்ல. அதுக்குள்ள ஹார்பருக்குப் போவ வேண்டிய கன்டெய்னரு போவல. கப்பலு பூடுச்சு. அப்பவும் இவ அம்பு தப்பாது, மத்த செக்கருங்கதான் பாக்காம உட்டுட்டாளுங்கன்னு எங்களத் திட்டிக்கினு இருந்தாங்க. அப்பத்தான் இவ வந்து நின்னா. ‘ஷேடு இல்ல. எங்கண்ணன் பொண்ணுக்கோசரம் நாந்தான் ஒட்டுனேன்’னு சொல்ட்டா.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, டங்கரியைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா அதைக் கழற்றச் சொல்லிச் சத்தம் போட்டாள். பழைய துணிக்காரனிடம் போட்டுவிடப் போவதாகச் சொன்னாள். அத்தைதான் தடுத்தாள். “அத்தக் கழட்டி இன்னா ஆவப் போவுது? புள்ளைக்குன்னுதான எடுத்தது? போடட்டும்.” அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. விலை பேசி முடித்த பொருளைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

நான் அதைப் போட்டேன். நிறம் வெளுத்து, கால் கணுக்காலுக்கு மேலே ஏறும் வரைக்கும் போட்டேன். மஞ்சள் பொட்டு கடைசிவரை முழுதாகப் போகவில்லை. வெட்கப்பட்டுக் கழற்றி எறிந்திருந்தால் அவள் இழந்ததற்கு என்ன பொருள்? இதை அந்த வயதில் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்க மாட்டேன். ஆனால் கழற்றவில்லை என்பது நிஜம்.

நான் இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கல்லூரி முடித்ததும் நான்தான். கன்டெய்னருக்கான தாள்களைத் தயாரிப்பது என் வேலை. ஒரு கன்டெய்னர் கப்பலைத் தவறவிட்டால் என்னென்ன நடக்கும், யார் யாருக்குப் போன் போகும், யார் யார் தலை உருளும் என்பது எனக்கு இன்று நன்றாகத் தெரியும். அப்படி ஒன்று நடக்கும் நாளில் ஆபீசில் எல்லோரும் பொருளைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பேசுவார்கள். நான் ஏதோ ஒரு டேபிளுக்கு முன்னால் நிற்கும் ஒருத்தியை நினைத்துக்கொள்வேன்.

அத்தையை அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் செக்கிங்கில் எடுக்கவில்லை. அந்த ரோட்டில் கம்பெனிக்குக் கம்பெனி பேச்சு போய்விடும். வண்ணாரப்பேட்டைச் சின்னத் தையல் கடைகளிலிருந்து மூட்டையாகத் துணி வாங்கி வந்து வீட்டிலேயே நூல் வெட்டினாள். அதில் அம்பு ஒட்டுகிற வேலை இல்லை. தப்பு கண்ணில் பட்டாலும் அதைச் சொல்ல ஆள் இல்லை. முதலில் கொஞ்ச நாள், “இத்தப் பாரு, பாக்கெட்டு கோணலாக் கீது,” என்று என்னிடம் காட்டுவாள். பிறகு காட்டுவதை விட்டுவிட்டாள். அடுத்தவர் காலரைப் பார்க்கிற பழக்கமும் போனது. முகத்தைப் பார்த்தே பேச ஆரம்பித்தாள். அது பார்ப்பதற்கு என்னவோபோல் இருந்தது.

ஒரே ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினாள். நான் பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்திருந்தேன். மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், நான் மார்க்கைச் சொன்னதும், கத்திரியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

“அது ரிஜெக்டு இல்லடி. உனுக்குத் தெரியும்ல?”

“தெரியும் அத்தே.”

“அந்த ஆர்டருலயே அதான் நல்ல பீசு. மொத நாளே எடுத்துருப்பேன். இத்த விட நல்லது வரும், அத்த விட நல்லது வரும்னு பாத்துக்கினே இருந்தேன். கடைசி வாரம் வந்துச்சு. அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு நூலு இல்ல.” கொஞ்ச நேரம் இருமினாள். “அதுல போயி அம்ப ஒட்டுனேன்.”

பிறகு அந்த இருமல் நிற்கவில்லை. பஞ்சா, எண்ணூர்ப் புகையா, எங்கள் தெருவின் கரித்தூளா, எது என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டிப் புதுப்புடவை உடுத்தியபோது, முந்தானையில் ஒரு நூல் தொங்கியது. அவள் கத்திரி எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. பல்லால் கடித்து எடுத்தேன்.

என் அண்ணன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். அவன் மகள் இரண்டாம் வகுப்பு. நான் அவளுக்கு அத்தை. ஸ்கூல் பி.டி. வகுப்புக்குக் கொடுத்த டிராக் பேன்ட்டைத் தவிர வேறு எதையும் அவள் போட மாட்டாள். கவுனைக் காட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். “உன்ன மாதிரியே வந்து பொறந்துகீது பாரு,” என்று அம்மா சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்தத் தீபாவளிக்கு இவளுக்கு நான்தான் துணி எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். என்ன எடுப்பது என்பதில் எனக்கு ஒரு நிமிடமும் சந்தேகம் இருக்கவில்லை.

எம்.சி. ரோட்டில் அதே கடை. பாயின் மகன் உட்கார்ந்திருந்தார். டங்கரி கேட்டேன். எட்டுப் பத்து எடுத்துப் போட்டார். கூட்டத்தின் நடுவில் நின்று ஒவ்வொன்றாக உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். “இன்னா தங்கச்சி, கஸ்டம்ஸா நீங்க?” என்று கேட்டார். கருநீலத்தில் ஒன்று எடுத்துப் பெட்டியில் போடச் சொன்னேன். மெட்ரோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, உன்னால் ஆகாது என்றாயே அத்தை, பார், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாப்பா பெட்டியைத் திறந்தாள். போட்டுப் பார்த்தாள். எல்லாப் பாக்கெட்டிலும் கையை விட்டாள். கொக்கியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நல்லாதான் அத்தே கீது. ஆனா ஒண்ணுக்குப் போறது எப்டி?”

“கொக்கியக் கழட்டிட்டுப் போ.”

“ரெண்டு கொக்கி கீது. ஸ்கூல் பாத்ரூம்ல தாப்பா கெடையாது. ஒரு கைல கதவப் புடிச்சுக்கணும். இன்னொரு கைல எப்டி ரெண்டையும் கழட்டுறது? கழட்டுனா பின்னால தொங்கிடும். கீழ எல்லாம் தண்ணி.” அவளே யோசித்துச் சொன்னாள். “டிராக் பேன்ட்டுன்னா ஒரு கையே போதும்.”

கலர் டிரெஸ் போடலாம் என்று விட்ட நாட்களில் நானும் அந்த டங்கரியோடு பள்ளிக்குப் போயிருக்கிறேன். அந்த நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன். எங்கள் பள்ளியிலும் தாழ்ப்பாள் கிடையாது. அதை அத்தையிடம் நான் சொன்னதே இல்லை. வேலை போன பிறகு எப்படிச் சொல்வது? அவள் தேடித் தேடி எடுத்த, ஒரு நூலும் தொங்காத அந்த உடுப்பில், பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு தப்பு இருந்தது. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தும், இத்தனை வருடம் கழித்து அதையே போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் பாப்பாவையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பண்டிகை நேரத்தில் மாற்றித் தர மாட்டோம் என்று தொடங்கியவர், அவள் விளக்கியதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். இரண்டு டிராக் பேன்ட் எடுத்தாள். கருநீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. ஜிப் வைத்த பாக்கெட். இடுப்பு ரப்பரை ஒரு கையால் இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துத்தான் சரி என்றாள்.

“பெட்டியில போட்டுக் குடுங்க,” என்றேன்.

“டிராக் பேன்ட்டுக்கு யாராவது பொட்டி கேப்பாங்களா தங்கச்சி?”

“நான் கேக்குறேன்.”

வருகிற வழியில் இரும்புக் கடையில் ஒரு தாழ்ப்பாள் வாங்கினேன். நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாழ்ப்பாள் என்றதும், எழுதிக் கேட்டிருக்கிறோம், வரும், என்றார். நான் தாழ்ப்பாளை அவர் மேசைமேல் வைத்து, ஆசாரிக்குச் சொல்லியாகிவிட்டது, சனிக்கிழமை வருகிறார், கதவைத் திறந்துவிட்டால் போதும், என்றேன். அவர் எழுந்து கழிவறை வரைக்கும் கூடவே வந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு கதவு இல்லை, நான்கு இருந்தன. எதிலும் தாழ்ப்பாள் இல்லை. வாங்கியது ஒன்றுதான். திரும்பி நடந்து போய் இன்னும் மூன்று வாங்கி வந்து கொடுத்தேன்.

எந்த உயரத்தில் அடிப்பது என்று ஆசாரி கேட்பார் அல்லவா? அதனால் வகுப்பிலிருந்து பாப்பாவை வரவழைத்து ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் நிற்கவைத்தேன். அவள் கை சுலபமாக எட்டுகிற இடம் பார்த்து, நான்கு கதவிலும் சிவப்பு மையால் ஒரு அம்பு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.